சுழன்றும் ஓடாத எந்திரம்

மார்கழி மாதத்து விடியற்காலை. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள தெருவொன்றில் ஒரு மோட்டார் வண்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நோயுற்ற முதியவர் ஒருவரைக் காஞ்சிபுரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வண்டிக்காரர் சாவியைத் திருப்புகிறார். எந்திரம் 'கிர்கிர்' என்று சுழல்கிறது. ஆனால் உயிர் பெறவில்லை. மீண்டும் திருப்புகிறார், மீண்டும் அதே ஓசை. தெருவில் நால்வர் கூடிவிடுகின்றனர். "பாட்டரியை மாற்றுங்கள்" என்கிறார் ஒருவர். "தள்ளிவிட்டால் தானே ஓடும்" என்கிறார் மற்றொருவர். இந்த யோசனைகளில் எது சரி? இதற்கு விடை காண்பதற்கு, மோட்டார் வண்டியின் வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

மாணவ நண்பர்களே, எந்திரம் சுழல்கிறது என்பதே ஒரு சாட்சியம். ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதனைச் சுழற்றும் அளவுக்குப் பாட்டரியில் வலு இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. வண்டியைத் தள்ளுவதும் எந்திரத்தைச் சுழற்றுவதற்கே. ஸ்டார்ட்டர் செவ்வனே செய்துகொண்டிருக்கும் வேலையை நால்வர் தோள்கொடுத்துச் செய்வதால் புதிதாக என்ன கிடைத்துவிடும்? சுழற்சி மந்தமாகவும் தளர்வாகவும் இருந்தால் மட்டுமே பாட்டரியை ஐயுறவேண்டும்.

சுழல்கின்ற எந்திரம் ஓடத் தொடங்குவதற்கு நான்கு தேவைகள் உண்டு. காற்றோடு தக்க அளவில் கலந்த எரிபொருள், அதனை இறுக்கி அமுக்கும் அழுத்தம், பற்றவைக்கும் மின்பொறி, இவை உரிய நொடியில் நிகழும் காலப் பொருத்தம். ஜெர்மானியரான நிக்கொலாஸ் ஆட்டோ 1876இல் நான்கு வீச்சு எந்திரத்தை இயக்கிக் காட்டினார். அவ்வகையில் அமைந்த பெட்ரோல் எந்திரத்துக்கு இன்றும் இவையே தேவைகள். இவற்றைச் சோதித்தறியும் வழிகள்தாம் காலந்தோறும் மாறிவந்திருக்கின்றன.

கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்கு 1886இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனை நம்பி நெடுந்தூரம் செல்ல எவரும் முன்வரவில்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியை ஓட்டிச்சென்றார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அதனைக் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்துபோனது. காலுறையைப் பிணைக்கும் பட்டியைச் சுற்றி அதனைக் காப்பிட்டார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லாக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். இவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். எரிபொருள் வருகிறதா? மின்பொறி பிறக்கிறதா? இன்றைய பணிமனைகளில் முதலில் எழும் இவ்விரு கேள்விகளையும், பணிமனை என்று ஒன்று தோன்றுவதற்கு முன்னரே நெடுஞ்சாலையில் நின்று கேட்டு விடை கண்டவர் அப்பெண்மணி.

அக்காலத்தில் பென்ஸ் வண்டியின் பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் எந்திரத்தை எழுப்பினார்கள். பிறகு வந்த வண்டிகளுக்கு முன்புறத்தில் கைப்பிடி அமைந்தது. பொறி முன்கூட்டியே பிறந்துவிட்டால் அக்கைப்பிடி பின்னோக்கி உதைக்கும். அதனால் கை முறிந்தவர் பலர். ஆயினும் கைப்பிடியைச் சுழற்றியவனுக்கு ஒரு நன்மை இருந்தது. அழுத்தம் உள்ளதா, இல்லையா என்பதை அவனுடைய கையே உணர்ந்தது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்ற பின்னர், கை பிழைத்தது. ஆனால் கை அறிந்துவந்ததை இனிச் செவி அறியவேண்டியதாயிற்று. இன்றும் எந்திரம் வழக்கத்துக்கு மாறாக, தடையின்றி விர்ரென்று வேகமாகச் சுழன்றால், டைமிங் பெல்ட் அறுந்து அழுத்தம் இழந்திருக்கலாம் என்று தேர்ந்த மெக்கானிக் ஐயுறுகிறார். அந்நிலையில் மேலும் சுழற்றுவது கேட்டையே விளைவிக்கும்.

நம் தமிழகத்திலும் இக்கலையைப் பள்ளியில் பயிலாமல் பழுதிலிருந்தே பயின்றவர்கள் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறி ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே போக்குவரத்தைத் தொடங்கினார். எதற்காக எந்த உறுப்பு இருக்கிறது என்று அறிந்தவனுக்கே எது இல்லாததால் வண்டி நின்றது என்று சொல்ல இயலும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. பஸ்களின் பின்புறத்தில் உருளை போன்ற கொதிகலங்கள் முளைத்தன. அவற்றில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் வண்டியை ஓட்டினார்கள். விடியுமுன் கிளீனர் எழுந்து, விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனியச் செய்யவேண்டும். வாயு பக்குவப்படுவதற்கு முன் எத்தனை முறை எந்திரத்தைச் சுழற்றினாலும் அது ஓடாது. வெளியேறும் வாயுவில் தீயை வைத்து, அது நின்று எரிகிறதா என்று பார்த்த பிறகே எந்திரத்துக்குத் திருப்பினார்கள். எரிபொருள் இருக்கிறது என்பது ஒன்று. எரியும் நிலையில் இருக்கிறது என்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை அக்காலத்துக் கரிவாயு பஸ்கள் நம்மவர்க்கு நன்கு கற்பித்தன.

விடுதலைக்குப் பின் அம்பாஸடர் வண்டியும், சென்னைக்கருகே வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் நம் சாலைகளில் ஓடின. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆண்ட காலம் அது. மழை ஈரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனைந்தால் உலர்ந்த துணியால் துடைப்பார்கள். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால், பம்பின்மீது ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைப்பார்கள். கண்ணும் மூக்கும் கையுமே அன்றைய கருவிகள்.

1998இல் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. புகை விதிகள் கடுமையாகக் கடுமையாகக் கார்புரேட்டர் மறைந்தது; மின்பம்பும் இன்ஜெக்டரும் கணினியும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆயினும் பழைய கேள்விகள் மறையவில்லை. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் ஓரிரு நொடி பின்புறத்தில் பம்பின் மெல்லிய முரலல் பெரும்பாலான வண்டிகளில் கேட்கும். கேட்காவிடில் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். சாவிச் சின்னமுடைய விளக்கு ஓயாமல் மின்னினால், திருட்டுத் தடுப்புக் கருவி உங்கள் சாவியை ஏற்கவில்லை என்பது பொருள். மாற்றுச் சாவியைக் கொண்டு முயலுங்கள். பலமுறை சுழற்றிய பின் புகைக்குழாயருகே பெட்ரோல் வாடை வீசினால், எரிபொருள் வருகிறது, பொறிதான் இல்லை என்று ஐயுறலாம். வாடையே இல்லையெனில் எரிபொருளின் வழியைத் தேடவேண்டும். சுழலும்போது ஆர்.பி.எம். முள் சிறிதும் அசையாதிருந்தால், எந்திரத்தின் சுழற்சியைக் கணினிக்கு அறிவிக்கும் கிராங்க் சென்சாரில் பழுது இருக்கக்கூடும். டீசல் வண்டிக்கோ பொறியே வேண்டாம். குழாயில் காற்றுப் புகாத எரிபொருளும், குளிர்காலையில் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கும் போதும். எந்த வண்டியாயினும் 10 நொடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றலாகாது. இடையே ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு அவகாசம் தரவேண்டும். பிளக்கின் கம்பியைக் கையில் பிடித்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் இன்றைய வண்டிகளில் ஆபத்தானது. அதனை அறிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

சுழற்றவே கூடாத வேளையும் ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்பவேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரித்தனர். ஏன்? காற்று அமுங்கும், நீர் அமுங்காது. எந்திரத்தினுள் நீர் புகுந்திருக்க, பிஸ்டன் மேலெழுந்தால், இணைக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் நிறைந்த சாலையைக் கடந்து நின்றுபோன வண்டிக்கு இந்த எச்சரிக்கை என்றும் பொருந்தும். வெறும் நொடிப்பொழுதின் அவசரம், சிறு பழுதைப் பெருஞ்செலவாக்கிவிடும்.

நாம் தொடங்கிய உத்திரமேரூருக்கே திரும்புவோம். அந்த வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையால் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் விதிகளை அவை கூறுகின்றன. இன்னின்ன தகுதி வேண்டும், கணக்குக் காட்டாதவர் ஆகார் என்று வரிசையாக விலக்கிக்கொண்டே சென்று, எஞ்சியவரிடையே குடவோலை எடுத்தார்கள். முதல் ஏற்பாடு போதாது என்று கண்டதும் இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தியும் அமைத்தார்கள். ஊரின் நிர்வாகம் வேறு, மோட்டார் எந்திரம் வேறுதான். ஆயினும், கூச்சலுக்குச் செவிகொடாமல், ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கி உண்மையை அடையும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

தெருவில் கூடிய நால்வரும் ஆளுக்கொரு முடிவோடு வந்தார்கள். தேவைப்பட்டதோ முடிவன்று, வரிசையான கேள்விகள். அவற்றுக்கும் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது. வண்டியினுள் நோயுற்ற முதியவர் காத்திருக்கிறாரே, அவரை என்ன செய்வது? 108 என்ற எண்ணை அழைத்து அவரை அனுப்பிவிட்டு, பிறகு வண்டியின் முன்மூடியைத் திறப்பதே அறிவுடையார் செயல். எந்திரம் காத்திருக்கும், மனிதர் காத்திருக்கலாகாது.