கேள்வி கேட்பவரின் நாற்காலியிலிருந்து திரைக்குப் பின்னால்: சித்தார்த்த பாசுவின் பயணம்

இந்தியத் தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சிக்கு நிலையான வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் சித்தார்த்த பாசு. தில்லியின் ஆங்கில நாடக மேடையில் நடிகராகத் தொடங்கிய அவரை, தூர்தர்ஷனில் 1985-ல் ஒளிபரப்பான 'குவிஸ் டைம்' நிகழ்ச்சி நாடறிந்த முகமாக்கியது. தனியார் அலைவரிசைகள் இல்லாத காலம் அது. கல்லூரி அணிகள் மோதிய அந்நிகழ்ச்சியில் கேள்வியும் பதிலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. பாசு குரலை உயர்த்தாமல், விரைந்து, ஓர் ஆசிரியருக்குரிய கண்டிப்புடன் கேள்விகளை முன்வைத்தார். விடை அறியாத பார்வையாளர்களும் அதற்காகவே பார்த்தனர் என்றால் மிகையாகாது.

1988-ல் மனைவி அனிதா கவுல் பாசுவுடன் 'சினர்ஜி' என்ற தயாரிப்பு நிறுவனத்தை அவர் நிறுவினார். பிபிசி வேர்ல்டு அலைவரிசைக்காக 1998 முதல் 2002 வரை 'மாஸ்டர்மைண்ட் இந்தியா'வைத் தொகுத்து வழங்கினார். கறுப்பு நாற்காலியில் தனித்து அமரும் போட்டியாளர், முதலில் தாம் தேர்ந்த துறையிலும் பின்னர் பொது அறிவிலும் விடையளிக்க வேண்டும். துணையோ, தேர்ந்தெடுக்க விடைத் தெரிவுகளோ கிடையாது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியே அவரது பணியின் திருப்புமுனை. 2000 ஜூலை 3-ல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'கோன் பனேகா குரோர்பதி'யில் கேள்விகள் இந்தியில் கேட்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள் இருந்தன. நண்பரைத் தொலைபேசியில் அழைக்கலாம், அரங்கத்தினரின் கருத்தையும் கேட்கலாம். தொகுப்பாளர் இருக்கையில் அமிதாப் பச்சன் அமர்ந்தார். பாசு தயாரிப்பாளராகத் திரைக்குப் பின்னால் சென்றார். எந்தக் கேள்வி ஆயிரத்துக்கு உரியது, எது கோடிக்கு உரியது என்று தரம் பிரிப்பது பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. ஒரு விடையில் பிழை நேர்ந்தாலும் நிகழ்ச்சியின் நம்பகத்தன்மை போய்விடும்.

கல்லூரி மாணவர்களின் அறிவுப் போட்டியாக இருந்த வினாடி வினா இவ்வாறு சிற்றூர்களையும் சென்றடைந்தது. முதல் பருவத்தில் ஒரு கோடி வென்றவர் மும்பையைச் சேர்ந்த, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துவந்த ஹர்ஷ்வர்தன் நவாதே. 2011-ல் ஐந்து கோடி வென்ற சுஷீல் குமாரோ, பீகாரின் மோதிஹாரியில் குறைந்த ஊதியத்தில் பணியாற்றிய கணினி இயக்குநர். இந்த விரிவாக்கத்துக்கு விலையும் இருந்தது: கேள்விகள் எளிதாகின, போட்டியாளரின் வாழ்க்கைக் கதை நீண்டது. பழைய 'குவிஸ் டைம்' ரசிகர்கள் இதை முழுமையாக ஏற்றனர் என்று கூற இயலாது.

பின்னாளில் 'பிக் சினர்ஜி' எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம் நிகழ்ச்சியைப் பிற மொழிகளுக்கும் கொண்டு சென்றது. 2012-ல் கன்னடத்தில் புனித் ராஜ்குமாரும், மலையாளத்தில் சுரேஷ் கோபியும், தமிழில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்ற பெயரில் விஜய் டிவியில் சூர்யாவும் தொகுத்து வழங்கினர்.

அடுத்த ஆண்டு 'மெட்ராஸ் கஃபே' இந்தித் திரைப்படத்தில் உளவுத்துறை உயரதிகாரியாக நடித்து, பாசு மீண்டும் நடிப்புக்குத் திரும்பினார். இலங்கைப் போரைப் பின்னணியாகக் கொண்ட அப்படம், எதிர்ப்புகள் காரணமாகத் தமிழகத் திரையரங்குகளில் வெளியாகவில்லை.