காய்ச்சிய பாலும் கவனிக்காத மாடும்

குமரி மாவட்டத்துப் புதுக்கடைப் பக்கம் தென்னையும் மரச்சீனியும் நிற்கிற வீடுகளில், பின்னால் ஒரு தொழுவமும் இருக்கும். எங்கள் அம்மை கறந்த பாலைப் பச்சையாக யாருக்கும் தரமாட்டாள். விறகடுப்பில் ஏற்றி, பொங்கியதும் தீயை இழுத்துவிட்டு, இன்னொரு தரம் பொங்கவைத்துத்தான் இறக்குவாள். பால் திரியக்கூடாது என்பதே அவள் கவலை. அந்த வழக்கம் எங்களை எதிலிருந்து காத்தது என்பது மாட்டுக் காசநோயின் வரலாற்றைப் படித்தால் தெரியும்.

1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக், மாட்டின் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901-ல் லண்டனில் சொன்னார். பிரிட்டனின் ராயல் கமிஷன் பத்தாண்டு ஆராய்ந்து, 1911-ல் அதை மறுத்தது. பச்சைப்பால் குடித்த பிள்ளைகளுக்குக் கழுத்தில் கண்டமாலையாகவும், வயிற்றுக் காசமாகவும் அது வந்துகொண்டிருந்தது. 1930-களில் அங்கே கறவை மாடுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு இந்த நோய். ஆண்டுக்குச் சுமார் 2,500 பேர் இறந்தார்கள். பாலைச் சூடாக்கி விற்றதும், நோய்ப்பட்ட மாட்டைக் கொன்று ஈட்டுத்தொகை கொடுத்ததும் சேர்ந்துதான் அதை அடக்கின.

நம் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்புக்கும் மூலம் ஒரு பசுதான். நோயுற்ற பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியை, கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி வளர்த்து வீரியத்தைத் தணித்தார்கள். 1948-ல் சென்னை கிண்டியில் அந்தத் தடுப்பூசிக்கு ஆய்வுக்கூடம் வந்தது. எங்கள் மாவட்டத்திலோ, இன்று மருத்துவக் கல்லூரி நடக்கும் ஆசாரிபள்ளம் வளாகம் முன்பு காசநோய் ஆஸ்பத்திரி.

மனிதருக்கு இவ்வளவு நடந்தது. மாட்டுக்கு?

கலப்பின ஜெர்சி வந்து பால் கூடியது. மேய்ந்து திரிந்த மாடு தொழுவத்தோடு கட்டுண்டது. மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு அடைசலான தொழுவம் தோது. 2018-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி இந்திய மாடுகளில் நூற்றுக்கு 7.3, அதாவது ஏறக்குறைய 2 கோடியே 18 லட்சம் மாடுகளுக்குக் காசநோய். வேலூர் சி.எம்.சி.யில் நோயாளிகளிடம் எடுத்த 940 மாதிரிகளை ஆராய்ந்த முடிவு 2020-ல் வெளிவந்தது. எல்லோரும் தேடிய மாட்டுக் கிருமியான போவிஸ் அதில் இல்லை. அதன் உறவான ஒரிஜிஸ் ஏழில் இருந்தது. சென்னைப் பக்கத்து மாடுகளிலும் ஒரிஜிஸ் கிடைத்திருக்கிறது. மேல்நாட்டுக்காரர்கள் தேடியதையே நாமும் தேடினால் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மாட்டுக்கான சோதனை எளிதுதான். கழுத்துத் தோலில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். ஆனால் நோய் உறுதியானால் ஈடு கொடுத்து மாட்டை எடுத்துக்கொள்ளும் திட்டம் இங்கே இல்லை. ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்காரி எந்தத் தைரியத்தில் சோதனைக்கு வருவாள்? அரசு முதலில் செய்ய வேண்டியது அந்த ஈட்டுத்தொகைக்கு வழி.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பச்சைப்பால்தான் சத்து என்று யார் சொன்னாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மாடு விடாமல் இருமி மெலிந்தால் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். கறப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போகும்போது, வீட்டில் மாடு இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.