எக்ஸ்பியை மூச்சுத் திணறவைத்த பட்டியல்

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, 2013 கடைசியில் பல கணினிகளில் திணற ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற ஒரே புராசஸ் சிபியுவை 100 சதவீதம் பிடித்துக்கொண்டிருக்கும். வைரஸ் மீதும் ராம் மீதும் சந்தேகம் போவது இயல்புதானே?

உண்மையில் கணினியைத் தின்றது, அப்டேட் தேடும் வேலை! இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வந்த ஒவ்வொரு புது பேட்ச்சும் ஒரு பழைய பேட்ச்சுக்கு மாற்று. எது எதற்கு மாற்று என்ற பட்டியல் வருடக்கணக்கில் வளர்ந்து, சில இடங்களில் 40-ஐயும் தாண்டியது. பட்டியலில் ஒன்று கூடினால் சரிபார்க்கும் நேரம் இரட்டிப்பாகும். பத்து கூடினால் 1,024 மடங்கு. கூட்டு வட்டியெல்லாம் இதன் முன்னால் தூசு!

நவம்பர், டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. 2014 ஜனவரியில் பழைய பேட்ச்களைக் கழித்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கான ஆதரவே முடிந்துவிட்டது.

பழுது கணினியில் இல்லை, கழிக்காமல் விட்ட பட்டியலில் இருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு கணினி மெதுவானால், ராம் வாங்க ஓடும் முன் சிபியுவை எது தின்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.