மழைக்கு முன்னால் கிளம்பியவர்கள்

பமாகோவுக்கு வடகிழக்கே பனாம்பா என்றொரு சந்தை ஊர். இன்றைய மாலி நாட்டில் இருக்கிறது. மரகா வணிகர்கள் 1840-களில் எழுப்பிய ஊர் அது. உப்பும் துணியும் கைமாறிய சந்தையில் மனிதர்களும் விலைபோனார்கள். சுற்றியிருந்த கம்பங்கொல்லைகளிலும் பருத்திக் காடுகளிலும் பாடுபட்டவர்கள் அடிமைகள். பம்பாரா மொழியில் ‘ஜோன்’.

அவர்களில் பலர் தெற்கே வாசுலு சீமைக்காரர்கள். போர்த்தலைவர் சமோரி தூரேயின் போர்களில் பிடிபட்டு விற்கப்பட்டவர்கள். 1898-ல் சமோரியைப் பிரெஞ்சுக் காலனிப் படை சிறைபிடித்தது. போர் ஓய்ந்தது. பிறந்த ஊரின் பெயரும் வழியும் அவர்கள் நெஞ்சில் அழியாமல் இருந்தன.

1905-ல் கிளம்பினார்கள். எஜமானர்கள் ஆயுதத்தோடு மறித்தார்கள். பிரெஞ்சு அதிகாரிகளோ படையை வரவழைத்து, சமரசம் பேசி, அடிமைகளைப் பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 12-ல் ஆள் விற்பதைத் தடைசெய்து ஓர் ஆணை வந்தது. ஏற்கெனவே அடிமையாக இருப்பவருக்கு விடுதலை என்று அதில் ஒரு வரி கிடையாது.

1906 மே மாதம் மறுபடி கிளம்பினார்கள், ஆயிரக்கணக்கில். இம்முறை ஆளுநர் வில்லியம் போன்டி தடுக்கவில்லை. அந்த மாதத்தைக் கவனியுங்கள். அங்கே ஜூனில் மழை பிடிக்கும். வாசுலு 250 கிலோமீட்டருக்கும் அப்பால். நடுவே நைஜர் ஆறு. மழை இறங்குமுன் போய்ச் சேர்ந்தால்தான் விதைக்க முடியும். தவறினால் ஒரு வருஷம் பட்டினி. போரில் பாழாய்ப் போன ஊர்களைத் தேடி, விதைப்புக்கு நாள் கணக்கிட்டு நடந்திருக்கிறார்கள். இவர்களை விடுவித்தது பிரான்ஸ் என்று எழுதுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பிரதேசம் முழுக்க இப்படிப் பலர் வெளியேறினார்கள். போகாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளை அடிமை என்ற சொல் விடவில்லை. மேற்கு மாலியின் கேயிஸ் பகுதியில் இன்றும் சில ஊர்களில் அடிமை வம்சத்தார் என்றால், மேல்குடிக் கல்யாணத்தில் கிடா அறுப்பதும் சமைப்பதும் அவர்கள் கடமை. கூலி கிடையாது.

அதை மறுத்துச் சோனின்கே மக்களிடையே எழுந்த இயக்கம் கம்பானா. ‘நாம் எல்லோரும் சமம்’ என்று பொருள். அடிமை என்ற பட்டத்தை ஏற்க மாட்டோம் என்றவர்களுக்குக் கிணறு மறுக்கப்பட்டது, நிலம் பறிக்கப்பட்டது. பனாம்பாவிலிருந்து நடந்தவர்களுக்குப் போய்ச்சேர ஒரு ஊர் இருந்தது. இவர்களைத் துரத்தியதோ பிறந்த ஊரிலிருந்தே. 2020 செப்டம்பரில் ஜான்ஜுமே கிராமத்தில், பரம்பரை அடிமைமுறையை எதிர்த்த நால்வரை அடித்தே கொன்றார்கள்.