ரீஸ்லிங்

ரீஸ்லிங், ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட வெள்ளைத் திராட்சை வகை. 1435-ஆம் ஆண்டிலேயே ரூசல்ஸ்ஹைம் கோட்டையின் கணக்கேட்டில் ரீஸ்லிங் கன்றுகளுக்கான செலவு எழுதப்பட்டிருக்கிறது. இதன் பெற்றோரில் ஒன்று குவே பிளாங்க் என்ற பழைய வகை. ஷார்டொனேயும் அதன் வழிவந்ததே.

இந்தத் திராட்சையின் உயிர் அதன் புளிப்பு. பழுத்துச் சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பு அதிகம் இறங்குவதில்லை. அதனால்தான் துளி இனிப்பில்லாத ஒயினையும் தேனாக இனிக்கும் ஒயினையும் இந்த ஒரே பழத்திலிருந்து எடுக்க முடிகிறது. இனிப்பானதும் திகட்டாது; நல்ல ஆண்டின் ஒயின் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும்.

கடுங்குளிரைத் தாங்கும் கொடி இது, ஆனால் காய் பழுக்க நாளாகும். மோசெல் ஆற்றங்கரையில் தெற்கு நோக்கிய சரிவுகளைத் தேடி நட்டதற்குக் காரணம் அதுவே. அங்கே தரையெங்கும் பலகை பலகையாக உடைந்த ஸ்லேட் கற்கள். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தருகின்றன. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்தானது. அங்கே குலைகளைக் கையால்தான் பறிக்கிறார்கள்.

1775-இல் யோஹானிஸ்பெர்க் தோட்டத்துக்கு அறுவடை அனுமதி கொண்டுவந்த தூதர் தாமதித்ததால் பழங்களில் பூஞ்சை பிடித்துவிட்டதாகவும், அவற்றைப் பிழிந்த ஒயின் அருமையாக அமைந்ததாகவும் ஒரு கதை உண்டு. பொட்ரைட்டிஸ் எனும் அந்தப் பூஞ்சை தோலைத் துளைக்க, நீர் ஆவியாகிச் சாறு கெட்டிப்படுகிறது. ‘ஐஸ்வைன்’ வேறு வழி: பூஜ்யத்துக்குக் கீழே 7 பாகை செல்சியஸ் குளிரிலாவது கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிவார்கள், நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, செறிந்த சாறு மட்டும் சொட்டும்.

இளம் ஒயினில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் மணம் வீசும். வயதேறினால் டி.டி.என். என்ற சேர்மத்தால் பெட்ரோல் வாடை தோன்றும். வெயில் அதிகம் பட்ட பழத்தில் இது கூடுதல். சிலர் இதைக் குறை என்கிறார்கள். அளவோடு இருந்தால் இதுவே முதிர்ந்த ரீஸ்லிங்கின் அழகு.

பிரான்சின் அல்சாஸ், ஆஸ்திரியாவின் வாஹாவ், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஆகியவை மற்ற முக்கிய இடங்கள். அங்கெல்லாம் இனிப்பில்லாத வகையே பெரும்பாலும் தயாராகிறது. ஆகவே ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஜெர்மன் புட்டியில் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பற்றது. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஆல்கஹால் அளவைப் பார்க்கலாம்: 8 சதவீதம் என்றால் சர்க்கரை மிச்சமிருக்கிறது, 12-க்கு மேல் போனால் பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்திருக்கும்.