எலும்பு மஜ்ஜை இதயமாக மாறுமா?

உடலில் பழைய செல்கள் அழிய அழிய, அவற்றின் இடத்தை நிரப்பப் புதிய செல்களைத் தருபவை ஸ்டெம் செல்கள். எலும்பு மஜ்ஜையில் இவை இருப்பதைக் கனடாவின் டொரோண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர் 1961-ல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். மஜ்ஜையின் ஸ்டெம் செல் ரத்த செல்களை மட்டுமே தரும் என்பதுதான் அதன் பிறகு பல ஆண்டுகள் இருந்த கருத்து.

1990-களின் இறுதியில் இந்தக் கருத்து ஆட்டம் கண்டது. மூளையின் ஸ்டெம் செல் ரத்தமாக மாறியதாக 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. 2001-ல் அமெரிக்காவில் டொனால்டு ஆர்லிக், பியரோ அன்வெர்சா குழுவினர் இன்னும் பெரிய செய்தியைச் சொன்னார்கள். மாரடைப்பு ஏற்படுத்தப்பட்ட எலிகளின் இதயத்தில் மஜ்ஜை செல்களைச் செலுத்தினார்களாம். ஒன்பதே நாட்களில், பாதிக்கப்பட்ட பகுதியில் 68 சதவீதம் புதிய தசையால் நிரம்பிவிட்டதாம்!

உலகமே பரபரப்படைந்தது. காரணம், மாரடைப்பில் இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. மேலும் கருவை அழித்து ஸ்டெம் செல் எடுப்பது சரியா என்ற சர்ச்சை அப்போது அமெரிக்காவில் உச்சத்தில் இருந்தது. நோயாளியின் சொந்த மஜ்ஜையே போதும் என்றால் அந்தப் பிரச்சினையே இல்லை அல்லவா? அதே 2001-ல் ஜெர்மனியில் மனிதர்களுக்கும் இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

ஆனால் 2004-ல் வேறு இரண்டு குழுக்கள் இதைச் சோதித்துப் பார்த்தன. சார்லஸ் மர்ரியின் குழு, இதயத் தசையாக மாறினால் மட்டுமே அடையாளம் காட்டும்படி மஜ்ஜை செல்களின் மரபணுவை மாற்றி, 145 முறை எலி இதயங்களில் செலுத்தியது. ஒரு செல்கூட இதயத் தசையாக மாறவில்லை! ஸ்டான்ஃபோர்டு குழுவின் முடிவும் அதேதான். அன்வெர்சா பின்னாளில் பணியாற்றிய ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி, அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறவேண்டும் என்று 2018-ல் அறிவித்தது. அவற்றில் பொய்யான தரவுகள் இருந்ததே காரணம்.

அப்படியானால் ஒரு செல் தன் குணத்தை மாற்றவே முடியாதா? முடியும். 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் தோல் செல்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அவற்றைக் கரு நிலைக்கே திருப்பிக் காட்டினார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் செய்ததைப் பல ஆய்வகங்கள் திரும்பச் செய்து அதே முடிவைக் கண்டன. அன்வெர்சாவின் எலிகளை அப்படிச் சோதித்துப் பார்க்கும் வரை நோயாளிகள் காத்திருக்க முடியவில்லை. அவர்களின் அவசரம் நியாயமானது. சோதனை முடியும் முன்பே அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்ததுதான் தவறு.