தண்டோரா முதல் முகநூல் வரை

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் என் பழைய மாணவர் ஒருவர் துணிப்பை தைக்கும் சிறு பட்டறை நடத்திவருகிறார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது, அவர் ஒரு சமூக வலைத்தளத்தில் பட்டறையின் பெயரால் பக்கம் ஒன்றைத் திறந்தார். பைகளின் படங்களைக் கண்டு கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. மூன்று ஆண்டுகளில் சில ஆயிரம் பேர் அப்பக்கத்தைப் பின்தொடர்ந்தனர். ஒருநாள் காலையில் பக்கத்தைக் காணவில்லை. ‘விதிமீறல்’ என்று ஒரு வரி அறிவிப்பு மட்டும் இருந்தது. எந்த விதி என்று கேட்கவும் ஆளில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக்கூட அவர் தனியே குறித்து வைத்திருக்கவில்லை.

“நான் எங்கே சார் தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டார். விடை காண, விளம்பரத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

தண்டோராவின் எல்லை

18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒரு செய்தியை ஊரறியச் செய்யத் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் இத்தகைய அறிவிப்புகளைக் காணலாம். தமுக்குக்கு ஒரு பெருங்குறை உண்டு. திறந்த வெளியில் ஒலியின் செறிவு, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 10 மீட்டரில் கேட்கும் ஒலி, 100 மீட்டரில் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தண்டோராக்காரர் தெருத்தெருவாக நடந்தே தீரவேண்டும்.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஒருவர் வாங்கிய பத்திரிகையைத் திண்ணையில் உரக்கப் படித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிறரிடம் சொல்வார்கள். ஒளியைப் பற்றி டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் கூறிய கருத்து இங்கு நினைவுக்கு வருகிறது. அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய அலையின் தோற்றுவாய் ஆகிறது என்றார் அவர். செய்தியைக் கேட்ட ஒவ்வொருவரும் அவ்வாறே புதிய தோற்றுவாய் ஆகிறார். இன்று கைபேசியில் ‘பகிர்’ என்ற பொத்தானை அழுத்தும்போது நிகழ்வதும் இதுவே.

ஒரு கப்பல் கம்பெனியும் ஒரு பத்திரிகையும்

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரே நின்றதோ செல்வாக்கு மிக்க ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி. மக்களின் ஆதரவைத் திரட்டாமல் சுதேசிக் கப்பல் ஓடியிருக்குமா? அந்த ஆதரவைத் திரட்டிய ஏடுகளுள் ஒன்று, பாரதியார் சென்னையில் நடத்திய ‘இந்தியா’ வார இதழ். கேலிச் சித்திரங்களைத் தமிழ்ப் பத்திரிகை உலகில் புகுத்திய முன்னோடி இதழ் அது.

1908-இல் அடக்குமுறை கடுமையானது. வ.உ.சி. சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ‘இந்தியா’ இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. அச்சகம் ஆங்கில அரசின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். அந்த எல்லையைத் தாண்டி இதழ் நுழையக்கூடாது என்று ஆங்கில அரசு தடை விதித்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றுபோயிற்று.

எழுதுபவர் இருந்தார்; அச்சகம் இருந்தது; படிக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். இடையிலிருந்த வழி மட்டும் மற்றொருவர் கையில் இருந்தது.

வாயிற்காப்போன்

முகநூல் 2004-இல் தொடங்கியது. நிறுவனங்களும் கடைகளும் தம் பெயரில் பக்கம் வைத்துக்கொள்ளும் வசதியை 2007 நவம்பரில் அது அளித்தது. காசு கேட்காத விளம்பரப் பலகை என்று பலரும் மகிழ்ந்தனர். நாளடைவில் பக்கங்கள் பெருகின. படிப்பவரின் நேரமோ பெருகவில்லை. எனவே எதை முன்னால் காட்டுவது, எதை விடுவது என்று கணினி நிரல் ஒன்று தரம் பிரிக்கத் தொடங்கியது. ஒரு பதிவை யார் நின்று பார்க்கிறார், யார் விருப்பக்குறி இடுகிறார், யார் பதில் எழுதுகிறார் என்பனவற்றை அது கணக்கிடுகிறது. வரவேற்பு கிடைத்தால் மேலும் பலருக்குக் காட்டுகிறது, இல்லையேல் ஒதுக்கிவிடுகிறது. பக்கத்தின் ஒரு பதிவு, பின்தொடர்வோரில் சராசரியாக 16 விழுக்காட்டினரையே அடைகிறது என்று 2012-இல் அந்நிறுவனமே கூறியது. நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முதலிடம் என்று 2018 ஜனவரியில் அறிவித்தபின், நிறுவனப் பக்கங்களுக்குரிய இடம் மேலும் சுருங்கியது. கூடுதலானவர்களை அடையப் பணம் கட்ட வேண்டும்.

இதனால் பயனே இல்லை என்று கூறிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூரான சின்ன வீரமங்கலத்தில் ஒரு பெரியவரும் அவர் பேரன்களும் 2018-இல் யூடியூபில் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. எந்தத் தமுக்கும் இவ்வளவு தூரம் கேட்டதில்லை.

ஆயினும் வழி மற்றவர் கையில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் இளைஞர்கள் மொய்த்துக் கிடந்த ஆர்க்குட், 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது, டிக்டாக்கில் பெயர் பெற்றிருந்த எளிய மனிதர்கள் பலர் ஒரே இரவில் தம் பார்வையாளர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-இல் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு பிழையால், அந்நிறுவனக் கணினிகளை அடையும் வழியை இணையத்துக்குத் தெரிவிக்கும் குறிப்புகள் விலகிவிட்டன. கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன; அவற்றுக்குச் செல்லும் பாதைதான் மறைந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

என் மாணவர் செய்த தவறு பக்கம் திறந்தது அன்று. பக்கத்தையே வாடிக்கையாளர் பேரேடாகவும் எண்ணியதுதான் தவறு. சமூக வலைத்தளப் பக்கம் பிறர் வீட்டுத் திண்ணை போன்றது. அதில் அமர்ந்து நாலு பேரிடம் பேசலாம். பெட்டியை வைத்துவிட்டு ஊருக்குப் போகக் கூடாது. வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும் அவர்கள் இசைவுடன் குறித்து வைத்தல், சொந்தப் பெயரில் ஓர் இணையதளம், ஒன்றுக்கு மேற்பட்ட வலைத்தளங்களில் பக்கம் ஆகியவை சிறு செலவில் ஆகக்கூடியவை.

அவர் இப்போது வேறு பக்கம் தொடங்கியிருக்கிறார். அத்துடன் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பையின் உட்புறத்திலும் பட்டறையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட சிறு துணித்துண்டு ஒன்றைத் தைக்கிறார். சென்ற மாதம் திருச்சியிலிருந்து ஒருவர், பழைய பை ஒன்றிலிருந்த எண்ணைப் பார்த்து 200 பைகள் கேட்டாராம்.